நான் கேட்காத இலைப் பாடம்

செத்துப்போன தன் மகனுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், நான் வேலை செய்கிற வீட்டு அம்மா, சிஞோரா, கறுப்புக் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"என்ர மகன் உனக்கு எல்லாம் சொல்லித் தந்தவன்தானே?"

"ஸி, ஸி," என்றேன்.

எதைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. அது எனக்கு ஒரு தடையே இல்லை. பலேர்மோவுக்கு வந்து இருபத்தைந்து வருடம். இத்தாலிய மொழியில் ஆம் என்பதற்கு "ஸி" என்ற இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே முக்கால்வாசிக் காலத்தை ஓட்டியிருக்கிறேன். ஜன்னல் துடைத்தாயா? ஸி. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போனால், சொன்னது விளங்கியதா? ஸி. ஒருமுறை பல்வைத்தியரிடமும் விளங்காமல் ஸி சொல்லி, நோகாத ஒரு நல்ல பல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸி சொல்கிறவனை யாரும் மறுபடி கேட்பதில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு அதைவிட நல்ல கம்பளி கிடையாது.

சிஞோரா கதைப்பது சிசிலி வாடை அடிக்கிற இத்தாலியன். அவருக்கு நான் "நீ", எனக்கு அவர் "நீங்கள்". ஞாபகத்தில் எல்லாமே எங்கட தமிழிலேயே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அன்று அவர் என்னை மகனின் அறைக்குக் கூட்டிப்போனார். பதினொரு வருடமாக நான் கூட்டித் துடைத்த அறை. ஆனால் அந்த ஒரு மாதமாக அதற்குள் போக எனக்கு உத்தரவில்லை. ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே, ஆள் உயரத்தில், கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்று நின்றது; வெளியே தூசி தட்டியிருக்கிறேன், திறந்து பார்த்ததில்லை. அதன் தையல் இடுக்குகளால் ரோஸ் நிற வெளிச்சம் கசிந்தது. உள்ளே சின்னக் காற்றாடி ஒன்று மூச்சு விடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது.

சிஞோரா சிப்பை இழுத்தார். உள்ளே நான்கு சட்டிகள். நான்கு கஞ்சாச் செடிகள்.

பதறாதீர்கள். நான் உங்களுக்கும் சேர்த்து அப்போதே பதறிவிட்டேன். இது போதையில்லாத இனம், நாருக்கும் விதைக்கும் வளர்ப்பது. "கனாப்பா" என்பார்கள் இஞ்சை. அவன் விவசாயம் படித்தவன். பலேர்மோவின் ஓரத்தில் உள்ள சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் எடுத்து, அதில் நடுவதற்காக முதலில் வீட்டில் நாலைந்தை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விதைப் பையில் இருந்த சான்றிதழ்ச் சீட்டு கூடாரத்திலேயே குத்தியிருந்தது. இருந்தாலும் இலை அதே இலைதானே. ஒரு கறுப்பு மனுசன் அந்தக் கூடாரத்துக்குள் தலையை விட்டபடி பொலிசிடம் "இது நாருக்கு" என்று விளக்குவதைக் கற்பனை செய்து பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாளே அந்தச் சீட்டைக் கழற்றிப் பிரதி எடுத்து, பெர்மெஸ்ஸோ வைக்கிற உறைக்குள் சேர்த்து வைத்தேன்.

"அவன் எனக்குச் சொன்னவன்," என்றார் சிஞோரா. "நீ உடுப்பு மினுக்கிற நேரம் பக்கத்திலை நிண்டு உனக்கு எல்லாம் சொல்லித் தாறவன் எண்டு. நல்லாக் கேக்கிறாய் எண்டும் சொன்னவன். இதை நீதான் பாக்க வேணும். இது சாகக் கூடாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உண்மைதான், அவன் வந்து நிற்பான். சமையலறைக்குப் பின்னால் நான் உடுப்பு மினுக்குகிற சின்ன அறை. நாற்பது வயது ஆம்பிளை, கையில் ஒரு இலையைத் தூக்கிக்கொண்டு வந்து, கதவு நிலையில் சாய்ந்து, இருபது நிமிடம் கதைப்பான். இந்த இலையைப் பார், இந்த நரம்பைப் பார், கீழே இருந்து வந்தால் இது, மேலே இருந்து வந்தால் அது. நான் சேர்ட்டுக் கழுத்தை மடித்து அயன்பெட்டியை வைத்துக்கொண்டு ஸி, ஸி என்பேன். மனம் முழுக்க பஸ் நேரத்தில் இருக்கும். மூத்தவளின் பள்ளிக்கூடக் கடிதத்தில் இருக்கும். சனிக்கிழமை மாதா கோயில் பாட்டுப் பயிற்சியில், என் சுதி எங்கே இறங்குகிறது என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பதில் இருக்கும். "விளங்குதா?" என்று கேட்பான். ஸி.

பிறகு ஒரு மழை நாளில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் சறுக்கியது. யாரிலும் பிழையில்லை என்றார்கள். நான் மினுக்கிய சேர்ட்டோடுதான் போயிருந்தான்.

இப்போது அவனுடைய தாய், மகன் விட்டுப்போன அறிவெல்லாம் என் மண்டைக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நின்றார். மறுத்துச் சொல்ல அது ஒன்றுதான் தருணம். நான் ஸி என்றுவிட்டேன்.

கூடாரத்தின் உட்சுவரில் அவன் ஒரு படத் தாள் ஒட்டியிருந்தான். எந்தச் சத்துக் குறைந்தால் இலை எப்படி மாறும் என்று வரிசையாக இலைகளின் படங்கள். அந்த ரோஸ் வெளிச்சத்தில் எல்லா இலையும் ஒரே நிறம். என் கையே எனக்கு வேறொருவரின் கைபோலத் தெரிந்தது. எழுத்துகளோ எறும்பு. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய், பஸ்ஸில் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு அதே கைபேசியில் ஆங்கிலத்தில் விளக்குகிற ஒரு தாடிக்காரனின் காணொளிகள். காதில் மாட்டிக்கொண்டு பாடமாக்கினேன்.

முதல் நோயாளிகள் எனக்குச் சுகமாக வாய்த்தார்கள். நான்கு செடியிலும் அடி இலைகள் தொட்டால் விழுந்தன; பொறுக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் முழுசாக வெளிறி, நரம்பும் சேர்ந்து மஞ்சள். ஒரு மாதம் சிஞோரா தண்ணீர் மட்டும் ஊற்றியிருந்தார், யாரும் உரம் போடவில்லை. அது நைதரசன் பசி. நைதரசன் குறைந்தால் செடி தன் பழைய இலைகளில் இருந்து அதை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் முதலில் அடி இலைதான் சாகும். தாடிக்காரன் சொன்ன திரவ உரம் அலுமாரிக்குள்ளேயே இருந்தது. அளந்து கலந்து ஊற்றினேன். பத்து நாளில் குருத்துகள் நிமிர்ந்தன.

சிஞோரா கேட்டார்: "இதுக்கு அவன் என்ன சொன்னவன்?"

நான் காணொளியை அப்படியே சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒரு பழக்கம், கோயில் ஒன்றுகூடலில் பகிடி விட்டாலும் ஒரு வால் சேர்க்காமல் விட மாட்டேன். "கிழட்டு இலை தன்ரை சத்தை எடுத்துக் குருத்துக்குக் குடுக்கும் எண்டு சொன்னவர், சிஞோரா. அம்மாவைப் போல எண்டும் சொன்னவர்."

சிஞோரா கையை வாயில் வைத்தார். அப்படியே கட்டிலில் இருந்தார். கனநேரம் எழும்பவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிகிற நேரம் கேட்கத் தொடங்கினார்: "இண்டைக்கு என்ன ஞாபகம் வந்தது?" நான் ஒவ்வொரு நாளும் கொடுத்தேன். இலை விளிம்பு கருகினால் பொட்டாசியம். நடு இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மஞ்சளானால் மக்னீசியம். குருத்து முறுகினால் கல்சியம். எல்லாம் தாடிக்காரனுடையது. எல்லாவற்றுக்கும் நான் சிஞோராவின் மகனுடைய குரலைப் போட்டேன், இடைக்கிடை ஒரு பகிடியும் போட்டேன். அவன் உயிரோடு இருந்தபோது பகிடியே விடாதவன் என்றுதான் எனக்கு ஞாபகம்.

செத்தவனின் வாயில் வார்த்தை வைத்தால் அவன் சும்மா இருப்பானா? ஒரு நாள் காலை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் தெளிவாக, "விளங்குதா?" என்று கேட்டது. தமிழில். திரும்பினேன். காற்றாடி. அடுத்த நாளும் கேட்டது. நான் காற்றாடிக்கு "ஸி" என்றேன். பிறகு உள்ளே போகும்போதெல்லாம் "தம்பி, வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் சிப்பை இழுப்பேன். விளக்கை அவன் ஒரு தானியங்கிக் கடிகாரத்தில் பூட்டி வைத்திருந்தான், ஒரு நாளைக்குப் பதினெட்டு மணித்தியாலம் எரியும். அவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறவரை அந்தச் செடி பூக்காது, இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். காலையில் அது தானாகப் பற்றி, கதவுக்குக் கீழே ரோஸ் கோடு விழும்போது, உள்ளே யாரோ எழும்பிவிட்டதுபோலவே இருக்கும். சிஞோரா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் கோப்பி குடிப்பார்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னபோது மனைவி பகிடி பண்ணவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"சிஞோராவுக்காக நான் ஒரு நேர்த்தி வைக்கிறன்," என்றாள்.

பலேர்மோவில் இருக்கிற தமிழருக்கு அந்த மலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிறிஸ்தவர், சைவர் என்று பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமை விடிய எங்கட சனம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும். மேலே குகைக்குள் புனிதை இருக்கிறா. நாங்கள் மலையம்மா என்போம். குகைச் சுவரில் எந்நேரமும் தண்ணீர் கசியும். காய்ச்சலுக்கு, பரீட்சைக்கு, பெர்மெஸ்ஸோவுக்கு எல்லாம் அந்தத் தண்ணீர்தான் எங்கட வீட்டில். மனைவி ஏழு ஞாயிறு ஏறினாள். ஒவ்வொரு முறையும் பெரிய போத்தல்கள் நிரப்பி முதுகுப் பையில் சுமந்து வந்தாள். அவள் முழங்கால் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை வாளித் தண்ணீரில் அரைக்கு அரை கலந்து, நான் செபம் சொல்லிச் செடிகளுக்கு ஊற்றினேன்.

மூன்றாம் கிழமையில் வளர்ச்சி நின்றது. நான் பசி என்று நினைத்து உரத்தைக் கூட்டினேன். ஐந்தாம் கிழமையில் இலை நுனிகள் கருகின. பொட்டாசியப் பசி என்று தீர்ப்புச் சொல்லி இன்னும் கூட்டினேன். தண்ணீரையும் கூட்டினேன், செபத்தையும் கூட்டினேன். ஆறாம் கிழமையில் ஒரு செடி செத்தது. ஏழாவதில் இன்னொன்று. அவற்றின் சட்டிகளை வெளியே எடுக்கச் சிஞோரா விடவில்லை.

"அவன் என்ன சொன்னவன்?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. "இப்பிடி வந்தா என்ன செய்ய வேணும் எண்டு சொன்னவன்? நல்லா யோசி."

அன்றிரவு தாடிக்காரனின் காணொளிகளை எல்லாம் மறுபடி பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மிச்சம் இருந்த இரண்டும் செத்தால் அந்த மனுசி என்ன ஆவார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

சியாகுல்லியில் மண்டரின் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு வன்னிப் பொடியன் இருக்கிறான். பொடியன் என்றால் முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளை. கோயிலில் பழக்கம். சிஞோராவின் மகன் நிலம் எடுத்திருந்தது அந்தத் தோட்டத்தின் ஓரத்தில்தான். கைபேசியில் அவனுக்குப் படம் அனுப்பினேன். பதில் குரலாக வந்தது:

"அண்ணை, என்ன இது, கலியாண வீட்டு லைற்றிலை எடுத்தனீங்களோ? ரோஸ் வெளிச்சத்திலை நான் என்னத்தைக் காணுறது? இலையைக் கொண்டு வாங்கோ."

வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் விடுமுறை. ஒரு குருத்து இலையைக் கிள்ளி, விதைச் சீட்டோடும் பெர்மெஸ்ஸோவோடும் ஒரே உறையில் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க வேர்த்தது. பக்கத்தில் இருந்த கிழவர் எனக்குச் சுகமில்லை என்று நினைத்து இடம் மாறி இருந்தார்.

பொடியன் ஏணியில் நின்று பிந்திய மண்டரின் ஆய்ந்துகொண்டிருந்தான். இலையை வாங்கி வெயிலில் பிடித்தான். பகல் வெளிச்சத்தில் அதை நானும் அப்போதுதான் முதல் தரம் பார்த்தேன். இலை எலுமிச்சை மஞ்சள். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடு கோடாக, வலைபோல.

அவன் கையை நீட்டி மண்டரின் மரத்தில் ஒரு இலையைக் கிள்ளி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அதே மஞ்சள், அதே பச்சைக் கோடு.

"ஒரே வருத்தம். இரும்புக் குறை. குருத்திலைதானே தொடங்கினது? அடியிலை இல்லையே?"

"குருத்திலைதான்."

"என்ன தண்ணி விடுறியள்?"

"பைப் தண்ணி."

"பைப் தண்ணி மட்டுமோ?"

நான் தூரத்தில் ஏதோ பார்த்தேன்.

"அண்ணை."

"என்ர மனுசி மலையாலை கொண்டு வாற தண்ணியும் கொஞ்சம் விடுறனான்."

"எந்த மலை?"

"எந்த மலையோ? பலேர்மோவிலை எங்கட ஆக்கள் எந்த மலைக்குப் போறவை?"

அவன் தொப்பியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் பக்தியாகத்தான் நின்றான். பிறகு ஏணி ஆடத் தொடங்கியது. கீழே நின்ற நான் ஏணியைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பான், அப்படிச் சிரிப்பு.

"ஐயோ அண்ணை! நானும் போறனான்தான், வெறுங்காலோடைதான் போறனான். ஆனா அது முழு மலையும் சுண்ணாம்புக் கல்லு. அதுக்குள்ளாலை வடிஞ்சு வாற தண்ணி. இஞ்சத்தைப் பைப் தண்ணியே சுண்ணாம்பு, அதுக்கு மேலை நீங்கள் ஆசீர்வாதமும் போட்டிருக்கிறியள்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மண்ணிலை சுண்ணாம்பு ஏறினா இரும்பு கிடந்தும் வேர் எடுக்காது. பசி இல்லை அண்ணை. கோப்பை நிறையச் சோறு கிடக்கு, வாய்தான் கட்டிக் கிடக்கு. நீங்கள் மேலை மேலை சோறு போட்டிருக்கிறியள். அதுதான் நுனி கருகினது."

"இப்ப என்ன செய்யிறது?"

"மழைத் தண்ணி. அள்ளி அள்ளி ஊத்தி மண்ணைக் கழுவுங்கோ. சிவப்புத் தூசியோடை மழை வந்தா அதைப் பிடிக்காதேங்கோ, அதிலையும் சுண்ணாம்பு இருக்கு, சுத்தமான மழையைப் பிடியுங்கோ. உரத்தை நிப்பாட்டுங்கோ. பிறகு வேர் எடுக்கக்கூடிய இரும்பு மருந்து கொஞ்சம் தாறன். ஒண்டு சொல்லுறன், மஞ்சளாப் போன இலையைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அது திரும்பாது. இனி வாற இலையைப் பாருங்கோ."

"உமக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

அவன் ஆச்சரியமாக என்னைப் பார்த்தான். "அவர்தான். உங்கட சிஞோராவின்ரை மகன். இதிலை வந்து நிண்டு கதைக்கத் தொடங்கினார் எண்டா எங்களுக்கு ஆயிற பழத்திலை ரெண்டு பெட்டி குறையும். அப்பிடிக் கதைப்பார். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

திரும்பும் பஸ்ஸில் நான் காதில் ஒன்றும் மாட்டவில்லை. அவன் எனக்கும் சொல்லியிருப்பான். அந்தக் கதவு நிலையில் சாய்ந்து, இதே வார்த்தைகளில், இதே மஞ்சள் இலையைக் காட்டிச் சொல்லியிருப்பான். நான் அதற்கும் ஸி என்றிருப்பேன்.

வீட்டில் மனைவிக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, இப்ப மலையம்மாவிலையோ பழி போடுறியள்?"

"பழி இல்லை. சுண்ணாம்பு."

"இருபத்தைஞ்சு வருசமா அந்தத் தண்ணி குடிச்சும் உங்கட மண்டைக்குள்ளை ஒரு பச்சை முளைக்கேல்லை. அதையும் அவவின்ரை கணக்கிலை எழுதுங்கோ."

"நீர் பேசும். நான் கேக்கிறன்."

"கேக்கிறியளோ? நீங்களோ?" எண்ணெய்ப் போத்தலை மூடினாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "சிஞோராவிட்டை உண்மையைச் சொல்லுங்கோ. தண்ணியை மட்டுமில்லை. அந்த 'அம்மாவைப் போல'வையும்."

"அதைச் சொல்ல ஏலாது."

"செத்த பிள்ளையின்ரை பேரிலை நீங்கள் கதைச்சது. நான் ஏழு கிழமை ஏறினதே அந்தப் பாவத்தைக் கழுவத்தானாக்கும் எண்டு இப்ப யோசிக்கிறன்."

அடுத்த நாள் காலை சிஞோரா சமையலறையில் கார்ச்சோஃபி உரித்துக்கொண்டிருந்தார், அந்த முள் மொட்டு மரக்கறி. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். தண்ணீரில் இருந்து தொடங்கினேன். அதை அவர் அமைதியாகக் கேட்டார். மலையம்மா பற்றிச் சொன்னபோது வாய் ஓரம் கொஞ்சம் அசையக்கூடச் செய்தது. நான் தைரியமாகி மிச்சத்தையும் சொன்னேன். அவன் சொன்னதாக நான் சொன்ன எதுவும் அவன் சொன்னதில்லை. எல்லாம் கைபேசியில் படித்தது. அவன் சொன்ன நேரமெல்லாம் நான் சேர்ட்டு மினுக்கிக்கொண்டு ஸி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கேட்கவேயில்லை.

கத்தி நின்றது.

"'அம்மாவைப் போல' எண்டு?"

"அவர் சொல்லேல்லை, சிஞோரா. நான் சேர்த்தது."

அவர் கையைக் கழுவினார். துடைத்தார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. வேலையால் நிற்கச் சொல்லவும் இல்லை. அந்த நான்கு நாளும் நான் அந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பயந்தேன், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும், கூடாரத்துக்குள் இருந்தவனுக்கும். காற்றாடி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். மொட்டை மாடியில் உடுப்பு ஊறவைக்கிற தொட்டிகளைக் கழுவி வானத்தைப் பார்த்து வைத்தேன். முதல் நாள் ஆபிரிக்காப் பக்கம் இருந்து காற்றடித்துச் சிவப்பாய்த் தூறியது. கவிழ்த்து ஊற்றிவிட்டு மறுபடி வைத்தேன். மூன்றாம் நாள் வடக்கில் இருந்து நல்ல மழை.

ஐந்தாம் நாள் சிஞோரா நான் மினுக்குகிற அறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கதவடியில் நின்றார். மகன் வந்து நிற்கிற அதே இடம்.

"தோட்டத்துப் பொடியனைக் கூட்டிக்கொண்டு வரட்டோ, சிஞோரா?" என்றேன். "அவன் உண்மையாக் கேட்டவன். அவனிட்டை எல்லாம் இருக்கு."

"தோட்டத்திலை கதைச்சது தோட்டத்துக்கு. எனக்கு இந்த வீட்டிலை கதைச்சது வேணும்." பிறகு கேட்டார்: "ஒண்டுமே கேக்கேல்லையா? பதினொரு வருசத்திலை ஒண்டுமே?"

நான் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அன்றைக்குத்தான் நான் உண்மையாக யோசித்தேன் என்று நினைக்கிறேன். இலைகள் வரவில்லை. சத்துகளின் பெயர் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று வந்தது.

"ஒருநாள் கனநேரம் கதைச்சவர், சிஞோரா. பிறகு நிப்பாட்டிப்போட்டு, 'என்ர ஸ்கூட்டரை உனக்குத் தரட்டோ?' எண்டு கேட்டவர். நான் ஸி எண்டனான். 'என்ர அம்மாவையும் சேர்த்து?' எண்டவர். அதுக்கும் ஸி எண்டிட்டன். அப்பதான் அவர் சிரிக்கிறது கேட்டு நிமிர்ந்தனான். 'நீ ஒரு சொல்லும் கேக்கேல்லை, என்ன?' எண்டவர். அதுக்கு உண்மையா ஸி சொன்னனான். அவர் நிலையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவர். பிறகு நான் மினுக்கி முடிச்ச சேர்ட்டைச் சூட்டோடையே எடுத்துப் போட்டுக்கொண்டு போனவர்."

"கேக்கேல்லை எண்டு தெரிஞ்சுமோ பிறகும் வந்து சொன்னவன்?"

"ஓம். அடுத்த நாளும் வந்தவர்."

சிஞோரா நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. "எந்தச் சேர்ட்டு?" என்று கேட்டார். சின்னக் கட்டம் போட்டது என்றேன். தலையை ஆட்டினார்.

அன்று பின்னேரம் மழைத் தண்ணீரை நானும் அவருமாக மாடியில் இருந்து வாளியில் இறக்கினோம். சட்டிகளைக் குளியலறைக்குக் கொண்டுபோக முதல் தரம் சம்மதித்தார். சட்டிக்குக் கீழே மண்ணிறத் தண்ணீர் ஓடி, வெளிறி, தெளியும்வரை ஊற்றி, பொடியன் தந்த இரும்பு மருந்தும் விட்டோம். எழுபத்தெட்டு வயதில் அவர் வாளியை என்னிடம் தரவில்லை.

அந்தக் கிழமையே மூன்றாவதும் செத்தது. நான்காவது இரண்டு கிழமை ஒன்றும் செய்யாமல் நின்றது. பிறகு உச்சியில் ஒரு சோடி இலை விட்டது. வெளியே கிள்ளிக்கொண்டு போக மனம் வரவில்லை. கூடாரத்து விளக்கை அணைத்து, ஜன்னல் பலகையைச் சிஞோராவே ஒரு சாண் திறந்தார். பச்சை. நரம்பும் பச்சை, இடையும் பச்சை. பழைய மஞ்சள் இலைகள் அப்படியே மஞ்சளாகத் தொங்கின.

அது நடந்து இப்போது நான்கு மாதம். செடி என் தோள் உயரம். சிஞோரா இன்னும் நாளுக்கொரு தரம் கேட்கிறார், நானும் ஞாபகம் வந்தால் சொல்கிறேன். வராத நாளில் வரவில்லை என்கிறேன். வராத நாள்தான் கூட. போன மாதம் முழுக்க எனக்கு ஞாபகம் வந்தது இரண்டே இரண்டு, அதில் ஒன்று அவன் தும்மியது.

இந்தக் கிழமை புதுப் பிரச்சினை. உச்சி இலைகள் திடீரென்று வெள்ளையாகத் தொடங்கின. விளக்கை அணைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினேன். பொடியனின் குரல் வந்தது:

"இது குறைபாடு இல்லை அண்ணை. வளந்து போய் விளக்கிலை முட்டுது. வெளிச்சம் கூடிப்போச்சு. விளக்கை உயர்த்துங்கோ, இல்லாட்டி உச்சியை வெட்டுங்கோ. வெட்டினாப் பக்கத்தாலை கிளை நல்லா வெடிக்கும்."

விளக்கு ஏற்கெனவே கடைசிக் கொளுக்கியில் தொங்குகிறது. சிஞோராவுக்குச் சொன்னேன். தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். உச்சிக்குக் கிட்டப் பிடித்தார். அந்தக் குருத்தை அவருடைய மகன் கண்டதேயில்லை, அவனுக்குப் பிறகு வந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஸிகூடச் சொல்லவில்லை.

காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது.

"சட்டிக்குக் கீழை என்ன இருக்கு?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். ஒரு மரப்பலகை, அதற்குக் கீழே இரண்டு செங்கல். சட்டியை மெல்லத் தூக்கி, பலகையையும் கல்லையும் உருவினோம். அளந்தேன். விளக்குக்கும் உச்சிக்கும் நடுவே ஒன்பது சென்ரிமீற்றர் இடம் கிடைத்தது. இரண்டு கிழமைக்குப் போதும்.